வெள்ளீயத்தில் கலந்த இரும்பு

குளிரை நம்பிப் பிழைக்கிற தொழில் எதுவானாலும் அதை மதுரையில் வைத்துச் செய்யக் கூடாது. இதில் ஐஸ் வியாபாரிக்கும் எனக்கும் கருத்து வேறுபாடே கிடையாது. எழுபதுகளின் கடைசியில் தொடங்கி ஐந்தாறு வருஷம், மதுரைக்கு வெளியே பொட்டல் காட்டில் இருந்த ஒரு பௌதிக ஆய்வுக்கூடத்தில் நான் ஆராய்ச்சி மாணவன். கைடு என்று ஒருவர் முன்னால் கைகட்டி நின்று, ஓடாத கருவியைத் தட்டிக் கொடுத்து, 'எப்பப்பா முடிக்கப் போறே?' என்ற கேள்விக்குப் பயந்து சொந்தக்காரர் கல்யாணத்துக்கெல்லாம் போகாமல் இருந்தவர்கள் உங்களில் பல பேர் இருப்பீர்கள். உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். பெருமையாகச் சொல்ல அதிகம் இல்லை. நினைத்தால் முகம் சுருங்குகிற விஷயங்கள்தான் மிச்சம்.

ரசச் சொம்பு ஆராய்ச்சி

முதலில் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். வெள்ளீயம், அதாவது ரசச் சொம்பு செய்கிற ஈயம், மிக மிகக் குளிர்ந்தால் ஒரு விசித்திரமான குணம் காட்டும். அதில் மின்சாரம் தடையே இல்லாமல் ஓடும். பக்கத்தில் காந்தத்தைக் கொண்டுவந்தால் அதன் சக்தியை உள்ளே விடாமல் வெளியே தள்ளிவிடும். இப்படிப்பட்ட பொருளுக்கு மீக்கடத்தி என்று பெயர். கட்டியாக இருக்கும்வரை ஈயம் இந்தக் காரியத்தைக் கறாராகச் செய்யும். அதையே ஒரு மயிரிழையின் அகலத்தில் ஆயிரம் துகள் வரிசையாக நிற்கிற அளவுக்குப் பொடியாக்கிவிட்டால் காந்தம் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே புகுந்துவிடும். துகள் எவ்வளவு சின்னதானால் எவ்வளவு புகும்? இந்த ஒரு கேள்விக்குத்தான் என் இளமை போயிற்று.

திருமங்கலம் பக்கம் பெண் பார்க்கப் போன வீட்டில் இதை விளக்க நேர்ந்தது. பெண்ணின் தாய்மாமா பொறுமையாகக் கேட்டார். இதனால் என்ன உபயோகம் என்றார். இப்போதைக்கு ஒன்றும் இல்லை என்று சொல்ல வெட்கப்பட்டு, ராக்கெட்டுக்குப் பயன்படும் என்று ஒரு பொய்யை எடுத்துவிட்டேன். அவர் கேசரித் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்:

"ராக்கெட்டு கெடக்கட்டும் தம்பி. எங்க வீட்டு ஈயச் சொம்பு வெறுமனே அடுப்புல இருந்து உருகிப்போச்சு. அதச் சரி பண்ணத் தெரியுமா?"

பஸ்ஸில் வந்த டாக்டர்

என்னோடு சேர்ந்த இன்னொரு மாணவன் செல்லக்கண்ணு. மேலூருக்குப் பக்கத்து ஊர். அவனுடைய அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் கூலிக்குப் போனவர்கள். எங்கள் குடும்பத்துக்கு வயல் உண்டு. நாங்கள் கூலி கொடுத்த பக்கம். ஆய்வுக்கூடத்துக்குள் அந்த வித்தியாசமெல்லாம் கிடையாது என்று நான் அப்போது நம்பிக்கொண்டிருந்தேன். ஈயத்தை ஆவியாக்கிப் புகைக்கரி மாதிரி பொடியாகப் பிடிப்பது அவன் வேலை. அவனுடைய டாக்டர் பட்டமே அந்தப் பொடியில்தான் இருந்தது. பொடியைப் பக்குவப்படுத்திக் குழாயில் அடைத்துக் காந்தச் சுருளில் வைத்து அளப்பது என் வேலை.

ஈய ஆவியைப் பிடிக்கத் திரவ நைட்ரஜன் வேண்டும். அது எங்களுக்குக் கிடைத்த ஒரே இடம், மாடுகளுக்குச் சினை ஊசி போடுகிற ஒரு கால்நடை நிலையம். அங்கே போய் ஒரு பெரிய குடுவையில் நிரப்பிக்கொண்டு டவுன் பஸ்ஸில் திரும்புவோம். மூடியிலிருந்து வெள்ளையாகப் புகை வரும். அதே குடுவையைக் கையில் வைத்திருக்கிற மாட்டு டாக்டர்களைப் பார்த்துப் பழகிய ஒரு விவசாயி, தன் பசு இரண்டு தடவை ஊசி போட்டும் சினை பிடிக்கவில்லை, வந்து பார்க்க வேண்டும் என்று என்னைக் கெஞ்சினார். பஸ் முழுக்க எங்களையே பார்த்தது. ஈயம், காந்தம் என்று மறுபடியும் ஆரம்பிக்கச் சோம்பலாக இருந்தது. நாளைக்கு வாரேன் என்று சொல்லிவிட்டேன்.

மறுவாரம் அதே பஸ்ஸில் அதே ஆள் ஏறினார். நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். செல்லக்கண்ணுதான் எழுந்து, நாங்கள் டாக்டர் இல்லை, தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று 'விட்டோம்' போட்டு என் பொய்யில் பாதியை வாங்கிக்கொண்டான். அடுத்த நிறுத்தத்தில் அவரோடு இறங்கி, கால்நடை நிலையம்வரை நடந்து போய் உண்மையான டாக்டரைக் காட்டிவிட்டு வந்தான். இறங்குவதற்கு முன் அந்த மனிதர் கோபப்படாமல் என்னிடம் சொன்னது:

"ரெண்டு நாளா மேய்ச்சலுக்குக்கூட அவுத்துவிடாம உங்களுக்காகக் கட்டி வச்சிருந்தேன் தம்பி."

சிம்மக்கல்லில் ஒரு உரல்

ஈயத் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் மறுபடியும் கட்டியாகிவிடும். ஆகவே அலுமினா என்ற படுகடினமான வெள்ளைப் பொடியோடு சேர்த்து அரைத்துக் கலக்க வேண்டும். இதற்காக எங்கள் பேராசிரியர் வெளிநாட்டிலிருந்து அகேட் கல்லில் செய்த ஓர் உரல் கொண்டுவந்திருந்தார். உள்ளங்கை அளவுதான் இருக்கும். பெற்ற பிள்ளையைக்கூட அவர் அப்படித் துடைத்திருக்க மாட்டார். ஒருநாள் அதைக் கழுவி, சீக்கிரம் காய வேண்டுமென்று மின் அடுப்பில் வைத்து, எடுத்த சூட்டோடு ஈரமான சிமெண்ட் மேடையில் வைத்தேன். டக்கென்று ஒரு சத்தம். இரண்டு பாதி. அறையில் யாரும் இல்லை. இரண்டு பாதியையும் சேர்த்து, விரிசல் சுவரைப் பார்க்கும்படி கண்ணாடி அலமாரியில் வைத்துவிட்டேன். பார்க்க முழுசாகவே இருந்தது.

ரசாயனத் துறையில் பீங்கான் உரல் கேட்டிருக்கலாம். கேட்டால் அகேட் எங்கே என்று சாருக்குச் செய்தி போகும். அதனால் சிம்மக்கல் கடைத்தெருவுக்குப் போய், சுக்கு இடிக்கிற சின்னப் பித்தளை உரலும் உலக்கையும் வாங்கினேன். காந்தத்தை அளக்கிற வேலையில் இரும்பு கலந்தால் அத்தனையும் வீண் என்பது எனக்குத் தெரியாதா? பையில் ஒரு காந்தக் கட்டி கொண்டுபோயிருந்தேன். உரலின் உள்ளே, வெளியே, அடியில் எல்லாம் வைத்துப் பார்த்தேன். ஒட்டவில்லை. தலைக்கு மேலே வெயில், பஸ் கிளம்பப் போகிறது. உரலையும் உலக்கையையும் பைக்குள் போட்டேன். கடைக்காரர் சிரித்துக்கொண்டே கேட்டார்:

"அம்புட்டுச் சோதனையும் உரலுக்குத்தானா? உலக்கையப் பாக்காமப் போறீகளே."

கடற்கரை பார்த்த நாள்

வெள்ளீயம் மீக்கடத்தியாக நைட்ரஜனின் குளிர் போதாது, அதைவிடக் குளிர்ந்த திரவ ஹீலியம் வேண்டும். அது மதுரையில் இல்லை. மெட்ராஸில் ஒரு பெரிய நிறுவனத்தில் வருஷத்துக்கு ஓரிரு முறை எங்களுக்கு ஒரு பகல் ஒதுக்குவார்கள். கர்ப்பிணியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிற மாதிரி குழாயைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு நானும் செல்லக்கண்ணும் ரயிலேறினோம். காலையில் குழாயைக் குளிர வைத்து, சுருளுக்குள் இறக்கி, காந்தத்தை ஏற்றினோம். ஈயம் காந்தத்தைத் தள்ளும்போது முள் இடப்பக்கம் போக வேண்டும். அது வலப்பக்கம் போயிற்று. காந்தத்தைக் குறைத்த பிறகும் முள் பூஜ்யத்துக்குத் திரும்பாமல் பிடிவாதமாக நின்றது. நான் துள்ளிக் குதித்தேன். இம்புட்டுச் சின்னத் துகளில் ஈயம் தன் குணத்தையே மாற்றிக்கொள்கிறது, உலகத்தில் யாரும் பார்க்காததை நாம் பார்த்துவிட்டோம் என்றேன்.

செல்லக்கண்ணு குதிக்கவில்லை. முள்ளின் போக்கைக் கோடாக வரைந்த அந்த வளைவை நெற்றியைச் சுருக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தான். ஹீலியம் தீர்ந்துவிட்டது, கருவி இன்னும் ஒரு மணி நேரம் எங்கள் கையில்தான் இருந்தது. நானோ கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ரயிலுக்கு முன்னால் கடற்கரைக்குப் போய்விட்டு வரலாம் என்று கிளம்பிவிட்டேன். அதுவரை நான் கடலைப் பார்த்ததில்லை என்பது உண்மைதான். ஆனாலும் அவன் கேட்டது ஒரு மணி நேரம்கூட எடுத்திருக்காது. அவன் கேட்டது இவ்வளவுதான்:

"மாப்ள, குளிர வைக்காம, சும்மா இருக்கிற சூட்டுல ஒரு தடவ அளந்து பாத்துருவமா?"

ஆணி

சார் அந்த வளைவைப் பார்த்து ஒரு வாரம் தூங்கவில்லை என்று அவர் வீட்டம்மா சொன்னார்கள். நல்ல மனிதர், கோபக்காரர், இருபது வருஷம் உழைத்தும் பெரிதாக எதுவும் கைக்கு வராதவர். வெளியூரில் ஒரு கருத்தரங்கில் அதைப் படிக்கப் புறப்பட்டார். எங்கள் இருவரையும் கூட்டிப்போனார். புதுச் சட்டை தைத்துப் போட்டிருந்தார்.

அரை மணி நேரம் நன்றாகப் பேசினார். முடிந்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு பெண் விஞ்ஞானி எழுந்து, இதே பொடியைச் சாதாரண வெப்பத்தில் அளந்தீர்களா, அங்கே என்ன வந்தது என்று மரியாதையாகத்தான் கேட்டார். சார் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் செல்லக்கண்ணைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்தான். அந்த அம்மாள் உட்கார்ந்துகொண்டே சொன்னது கூடம் முழுக்கக் கேட்டது. சார் கையில் இருந்த சாக்பீஸை மேஜையில் வைத்தார், மறுபடி எடுத்தார், மறுபடி வைத்தார். கூட்டத்தில் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அந்த அம்மாள் சொன்னது இதுதான்:

"இந்த வளைவு ஈயத்தோடது இல்லைங்க, ஆணியோடது."

யார் கை

ஊருக்கு வந்த அன்றே எங்கள் கூடத்தில் இருந்த சுருளில் பொடியைக் குளிர வைக்காமல் அளந்தோம். குளிராத ஈயத்துக்கு முள் அசையவே கூடாது. முள் வலப்பக்கம்தான் போயிற்று. இரும்பு. எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. மற்றவர்கள் ஆவியாக்கும் கருவியைத் துருவிக்கொண்டிருந்தபோது நான் போய், பித்தளை உரலையும் உலக்கையையும் ஒளித்து வைத்திருந்த என் மேஜை இழுப்பறையைத் திறந்தேன். உலக்கையின் அடியில் பித்தளை நிறம் போய்க் கறுப்பாக இருந்தது. மேலே பூச்சுதான் பித்தளை. அலுமினா அதைச் சுரண்டித் தின்றுவிட்டு உள்ளேயிருந்த இரும்பை எங்கள் ஈயத்துக்கு ஊட்டியிருக்கிறது. காந்தத்தைக் காட்டினேன், ஓடிவந்து ஒட்டிக்கொண்டது. உலக்கையைக் காகிதத்தில் சுற்றி இழுப்பறையின் அடியில் தள்ளினேன். இன்று சாயந்திரம் சாரிடம் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். நிஜமாகவே நினைத்தேன்.

சாயந்திரம் சார் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். செல்லக்கண்ணிடம் மட்டும் கேள்வி கேட்டார். கருவியை எதால் துடைத்தாய், எங்கே கை கழுவினாய், ஊரிலிருந்து வந்த அழுக்கு வேட்டியோடு அறைக்குள் வந்தாயா என்று கேட்டார். அவன் வேட்டி கட்டி வந்ததே கிடையாது. ஒவ்வொன்றுக்கும் நிதானமாகப் பதில் சொன்னான். என்னிடம் ஒரு கேள்வியும் வரவில்லை; உரலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டிருந்தால் ஒருவேளை உடைந்திருப்பேன். அவனைப் போகச் சொல்லிவிட்டு என்னை நிறுத்திக்கொண்டார். கதவு திறந்துதான் இருந்தது, அவன் வராந்தாவில் நாலு எட்டுகூடப் போயிருக்க மாட்டான். சார் சொன்னதற்கு நான் தலையாட்டினேன். எத்தனையோ தடவை கனவில் அந்தத் தலையைப் பிடித்து நிறுத்தப் பார்த்திருக்கிறேன். சார் சொன்னது:

"அவன் கையிலதான்யா எங்கயோ அழுக்கு. வளந்த எடம் அப்படி, நாம என்ன செய்ய முடியும்?"

எட்டு மாதம்

செல்லக்கண்ணு முதலிலிருந்து ஆரம்பித்தான். ஆவியாக்கும் கருவியைத் திருகு திருகாகக் கழற்றி அமிலத்தில் கழுவினான். கருவியைத் தொடுவதற்கு முன்னால் குழாயடியில் நின்று, முழங்கைவரை சோப்புப் போட்டுத் தேய்ப்பான். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. தோல் வெடித்து விரல் இடுக்கில் ரத்தம் வந்தது. தேங்காய் எண்ணெய் தடவு என்று நான் சொன்னேன். எண்ணெய் பட்டால் பொடி கெட்டுவிடும் என்றான். அந்த அளவுக்கு எனக்கு அவன்மேல் அக்கறை இருந்தது. வாயைத் திறக்கிற அளவுக்கு இல்லை.

நான் செய்த ஒரே காரியம், சார் வெளியூர் போன நாளாகப் பார்த்து ரசாயனத் துறையில் ஒரு பீங்கான் உரல் வாங்கி வந்ததுதான். அடுத்த மெட்ராஸ் பயணத்தில் முள் ஒழுங்காக இடப்பக்கம் போயிற்று. ஈயம் காந்தத்தைத் தள்ளியது, பொடியாக இருப்பதால் கொஞ்சமாகத் தள்ளியது, கணக்கு சொன்னபடியே. அதற்குள் வெளிநாட்டில் யாரோ அதே முடிவை வெளியிட்டுவிட்டார்கள். செல்லக்கண்ணின் எட்டு மாத உழைப்பு இரண்டாவது ஆள் சொன்ன செய்தியாகிவிட்டது. அந்தச் சமயத்தில்தான் ஒரு கல்லூரியில் விரிவுரையாளர் வேலை காலியாயிற்று. நாங்கள் இரண்டு பேருமே மனுப் போட்டோம். சார் எனக்குக் கடிதம் கொடுத்தார், கவனமான ஆள் என்று எழுதி. வேலை எனக்குக் கிடைத்தது. அவன் கடிதம் கேட்டதற்கு, நீ முதலில் ஆராய்ச்சியை முடி என்று சொல்லிவிட்டார்.

சுத்தமான வளைவைப் பார்த்த அன்று சார் ரொம்ப சந்தோஷமாக இருந்தார். எல்லோருக்கும் காபி வாங்கிக் கொடுத்தார். பீங்கான் உரல் என் மேஜைமேல் எல்லோரும் பார்க்கிற மாதிரி உட்கார்ந்திருந்தது. அவர் போய் செல்லக்கண்ணின் முதுகில் தட்டி, மனசார வாழ்த்துவதாக நினைத்துக்கொண்டுதான் சொன்னார்:

"இப்பத்தாம்ப்பா உனக்குச் சுத்தம்னா என்னன்னு தெரிஞ்சிருக்கு."

மேலூர் பஸ் ஸ்டாண்டு

இதெல்லாம் முடிந்து பதினைந்து வருஷம் கழித்து, போன மாதம் ஒரு கல்யாணத்துக்கு மேலூர் போயிருந்தேன். மதுரை பஸ்ஸுக்கு நிற்கும்போது யாரோ தோளைத் தொட்டார்கள். செல்லக்கண்ணு. தலை நரைக்க ஆரம்பித்திருக்கிறது. பக்கத்து மேல்நிலைப் பள்ளியில் பௌதிக ஆசிரியராக இருக்கிறான். பட்டம் இரண்டு வருஷம் தாமதமாக வந்ததாம். அதற்குள் கல்லூரி வேலைக்கு வயதும் வாய்ப்பும் போய்விட்டன. குறையாகச் சொல்லவில்லை, பஸ் நேரம் சொல்கிற மாதிரி சொன்னான். டீ வாங்கிக் கொடுத்தான். கண்ணாடி டம்ளரைப் பிடித்த அவன் விரல்களைப் பார்த்தேன். அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. அகேட் உரல், சிம்மக்கல், உலக்கை, இழுப்பறை, சாரின் அறையில் ஆட்டிய தலை எல்லாவற்றையும் அந்த ஹாரன் சத்தத்துக்கு நடுவே கொட்டிவிட்டேன்.

அவன் குறுக்கிடாமல் கேட்டான். நடுவில் ஒரே ஒரு கேள்வி: உரல் உடைந்தது சூட்டிலா, கீழே விழுந்தா? சூட்டில் என்றேன். அகேட் அப்படித்தான் என்று தலையசைத்தான். அவன் திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். இல்லாவிட்டால் போகட்டும் விடு என்பான், நான் அழுதுவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம் என்று எதிர்பார்த்தேன். அவன் இரண்டும் செய்யவில்லை. மதுரை பஸ் வந்தது. எனக்கு இடம் பிடிக்க ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டான். நான் ஏறி உட்கார்ந்த பிறகு, துண்டை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னான்:

"எங்கிட்ட எதுக்கு மாப்ள சொல்றே? என் கை சுத்தமாத்தான் இருந்துச்சுன்னு எனக்கு அன்னைக்கே தெரியும். தெரியாத ஆளு ஒருத்தர் இருக்காருல்ல, அவருகிட்ட போய்ச் சொல்லு."

சார் ஓய்வு பெற்று கோச்சடையில் எங்கள் வீட்டுக்கு மூன்று தெரு தள்ளிக் குடியிருக்கிறார். தினமும் காலையில் அவர் வாசலைக் கடக்கும்போது கும்பிடு போட்டு உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்துவிட்டு, வீட்டுக்கு வந்து, அவரைத் தவிர மற்ற எல்லோருக்கும் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.